துடைப்பத்தோடு வந்த வில்லன்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், ஜிம்மி மெக்கில் என்ற வக்கீல் சால் என்று பெயரை மாற்றிக்கொண்டு குற்றவாளிகளின் வக்கீலாகிற ‘பெட்டர் கால் சால்’ அமெரிக்கத் தொடரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறீர்களா என்று தோன்றியது. எனவே இந்த வாரம் அரசியல், ஆன்மிகம், சமையல் எல்லாவற்றுக்கும் லீவு. ஒரே எச்சரிக்கை: வால்ட் என்ற வேதியியல் வாத்தியாரும் அவருடைய பழைய மாணவன் ஜெஸ்ஸியும் போதைப் பொருள் காய்ச்சுகிற ‘பிரேக்கிங் பேட்’, அதன் முன்கதையான இது, இரண்டின் முடிவும் இங்கே உடைபடும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அடியாள் மைக், போதை முதலாளி கஸ், அவருடைய எதிரி ஹெக்டர் எல்லோரும் எப்படிச் சாகிறார்கள் என்று முதல் தொடரிலேயே பார்த்தாயிற்று. சால் உயிரோடு தப்பிப்பதும் தெரியும். பிறகு முன்கதையில் என்ன பதற்றம் இருக்க முடியும்? (திருச்சி வாசகர்)

கர்ணன் சாவான் என்று தெரியாமலா ஊர் ஜனம் விடிய விடியக் கூத்து பார்க்கிறது? அது ஒரு பாதி பதில்தான். மீதிப் பாதி என்னவென்றால், இந்தத் தொடரை எடுத்தவர்கள் பதற்றத்தையெல்லாம் நமக்கு முடிவு தெரியாத ஆட்கள் மேல் ஏற்றி வைத்துவிட்டார்கள். கிம் வெக்ஸ்லர் என்று ஒருத்தி, முன்கதையில் ஜிம்மியின் மனைவியாகிற வக்கீல், ‘பிரேக்கிங் பேட்’டின் 62 எபிசோடுகளில் பேச்சுக்குக்கூட வரவில்லை. அப்படியானால் அவளுக்கு என்ன ஆனது? செத்தாளா, ஓடினாளா, ஜெயிலா? முன்கதைக்கு 63 எபிசோடு. அதில் பெரும்பாலானவற்றை நான் இந்த ஒரு கேள்விக்காகவே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஹெக்டரின் கையாள் நாச்சோ, வக்கீல் ஹோவர்ட், ஜிம்மியின் அண்ணன் சக் மூன்று பேருக்கும் இதே கதைதான். ஆறாவது சீசனில் ஜிம்மியும் கிம்மும் வீட்டில் இருக்க, ஹோவர்ட் வந்து நியாயம் கேட்டுக்கொண்டிருப்பான். மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி. கதவு திறந்த காற்றில் அதன் சுடர் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். ஹெக்டரின் குடும்பத்துக் கொலைகாரன் லாலோ உள்ளே வந்துவிட்டான் என்று நமக்குப் புரிகிறது, ஹோவர்டுக்குப் புரியவில்லை. சால் சாக மாட்டான் என்று தெரிந்திருந்தும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை காய்ந்துபோனது.

முடிவு தெரிந்த ஆட்களிடம் வேறு ஒரு வேலை வாங்கினார்கள். ஹெக்டர் சலமாங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொடரில் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மணியை ‘டிங், டிங்’ என்று அடிக்கிற கிழவர். கடைசியில் அந்த மணியை அடித்துத்தான் குண்டு வெடித்து, கஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வார். முன்கதையில் என்ன தெரிகிறது? மாத்திரையை மாற்றி வைத்து அவரை விழவைத்தது நாச்சோ. ஆனால் விழுந்தவருக்குப் பெரிய டாக்டரை வரவழைத்துக் கவனித்துக்கொள்கிறவர் கஸ். புத்தி முழுசாகத் தெளிந்து, உடம்பு மட்டும் அசையாமல் கிடக்கிற கட்டம் வந்ததும் சிகிச்சையை அப்படியே நிறுத்திவிடுகிறார். ஆள் உள்ளே விழித்துக்கொண்டே கிடக்க வேண்டும், அதுதான் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டு பழைய காட்சிகளுக்குத் திரும்பிப் போனால் அந்த மணிச் சத்தமே வேறு மாதிரி கேட்கிறது. ஹெக்டராக நடித்த மார்க் மார்கோலிஸ் 2023ல் காலமானார். வசனமே இல்லாமல் ஒரு விரலையும் கண்ணையும் வைத்து அந்த மனிதர் செய்ததை, நாலு பக்க வசனம் பேசுகிறவர்கள் பார்த்துக் கற்கலாம்.

கஸ் ஃப்ரிங் திரும்பி வந்த காட்சியில் விசில் அடிக்கத் தயாராக இருந்தேன், சப்பென்று ஆகிவிட்டது. உங்களுக்கு? (சேலம்)

எனக்கு நேர்மாறு. மூன்றாவது சீசன், 2017. மைக்குக்காக ஒரு பையை நோட்டம் விட ஜிம்மி, கஸ் நடத்தும் கோழிக் கடைக்குள் போய் உட்கார்ந்திருப்பான். கேமரா அவன் முகத்தைத்தான் பார்க்கிறது. அவனுக்குப் பின்னால், மங்கலாக, யாரோ ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டு போகிறார். மஞ்சள் சட்டை, நிதானமான நடை. அட, இவர்தானா! நம் ஊர்ப் படமாக இருந்தால் முதலில் ஷூ, பிறகு கை, பிறகு சிலோ மோஷனில் முகம் என்று காட்டி, பின்னணியில் நாற்பது வயலினை வாசித்திருப்பார்கள். இங்கே போதை சாம்ராஜ்யத்தின் தலைவன் துடைப்பமும் முறமுமாக, ஃபோகஸ்கூட இல்லாமல் அறிமுகமாகிறான். அந்த ஆள் ஊர்க் கண்ணில் படாமல் வாழ்கிறவன் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்தில், குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும் ஜிம்மியிடம் வந்து, ‘ஏதாவது தொலைத்துவிட்டீர்களா’ என்கிற தோரணையில் உதவியும் செய்வார். கஸ்ஸாக நடிக்கும் ஜியான்கார்லோ எஸ்போசிடோவின் அந்தப் புன்னகை இருக்கிறதே, காசு எண்ணிக் கொடுக்கும் கேஷியர் புன்னகை, அதுதான் பயம்.

இன்னொரு சங்கதி. இரண்டாவது சீசனில் மொத்தம் பத்து எபிசோடுகள். அவற்றின் ஆங்கிலத் தலைப்புகளின் முதல் எழுத்துகளை எடுத்துக் கலைத்துப் போட்டால் ‘ஃப்ரிங்ஸ் பேக்’ என்று வரும். ஃப்ரிங் திரும்பி வருகிறார் என்று முன்கூட்டியே தலைப்பில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தது ரசிகர்கள். வேலை வெட்டி இல்லையா என்று கேட்காதீர்கள், நானும் ஒரு பேப்பரில் எழுதிச் சரிபார்த்தேன்.

நாச்சோ, லாலோ இரண்டு பேரையும் முதலிலேயே யோசித்து வைத்திருந்தார்களா? (புதுச்சேரி)

அதெல்லாம் இல்லை. 2009ல் வந்த ‘பிரேக்கிங் பேட்’ இரண்டாவது சீசனில் வக்கீல் சால் என்பவனைப் பாலைவனத்துக்குக் கடத்திக்கொண்டு போய்க் குழி முன்னால் மண்டியிட வைப்பார்கள். உயிர்ப் பயத்தில், ‘நான் இல்லை, இக்னாசியோதான்’ என்று உளறுவான். பிறகு, ‘உங்களை லாலோ அனுப்பவில்லையா?’ என்பான். அந்த எபிசோடை எழுதியவர் பீட்டர் கூல்ட். பின்னாளில் ‘பிரேக்கிங் பேட்’டை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனோடு சேர்ந்து முன்கதையை உருவாக்கியவரும் அவரே. அன்றைக்கு அவை வெறும் பெயர்கள். பிறகு இக்னாசியோ, நாச்சோவாக முன்கதையின் முதல் சீசனிலேயே வந்துவிட்டான். லாலோவுக்கு முகம் கிடைக்க 2018 ஆனது. ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பெயர் அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டே சிரிக்கிறது! ஒரு பயந்தாங்கொள்ளி உளறிய இரண்டு பெயர்களிலிருந்து இத்தனையையும் கிளப்பியிருக்கிறார்கள்.

மைக்கின் பிறப்பு இன்னும் வேடிக்கை. ‘பிரேக்கிங் பேட்’ இரண்டாவது சீசன் கடைசி எபிசோடில் ஒரு காட்சிக்குச் சால் வரவேண்டும். சாலாக நடிக்கும் பாப் ஓடன்கெர்க்குக்கு வேறொரு தொடரில் கால்ஷீட். சரி, சால் அனுப்பிய ஆள் என்று ஒருவரை அனுப்புவோம் என்று ஜோனதன் பேங்க்ஸைக் கூப்பிட்டார்கள். ஒரு கால்ஷீட் தகராறு இல்லை என்றால் கோர்ட் வாசல் பார்க்கிங் கூண்டில் உட்கார்ந்து, ‘ஸ்டிக்கர் ஒன்று குறைகிறது’ என்று ஜிம்மியின் உயிரை எடுக்கும் அந்த மனிதரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

நாலு பேர் சொன்னார்களே என்று ஆரம்பித்தேன். இரண்டு எபிசோடுக்கு மேல் நகரவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். (ஈரோடு)

மெதுவாகத்தான் போகும். அதற்காகச் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை, இரண்டாம் சீசனில் நானே ஒருமுறை தூங்கியிருக்கிறேன். ஆனால் நீங்கள் நிறுத்திய அதே இரண்டாவது எபிசோடில் பாலைவனக் காட்சியை மறுபடி பாருங்கள். ஸ்கேட்போர்டு பையன்கள் இரண்டு பேரையும் கொல்வது என்று போதை ரௌடி டூக்கோ முடிவு கட்டிவிட்டான். ஜிம்மி பேரம் பேசுகிறான். காய்கறிச் சந்தையில் அவரைக்காய்க்குப் பேசுவதுபோலக் கொலையிலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டே வந்து, ஆளுக்கு ஒரு கால் முறிப்பது என்று முடிக்கிறான். கால் உடைந்த பையன் இவனைத்தான் உலகத்திலேயே மோசமான வக்கீல் என்று திட்டுவான். மரண தண்டனையை ஆறு மாசத்துக்கு இறக்கியிருக்கிறேன், என்னைவிட நல்ல வக்கீல் கிடையாது என்பான் இவன். பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொடரில் துப்பாக்கியைவிட வாய்தான் அதிகம் சுடும்.

வால்ட்டும் ஜெஸ்ஸியும் திரும்பி வந்தது தேவையா? ஜெஸ்ஸியைப் பார்த்தால் மாமா மாதிரி இருக்கிறார்! (சென்னை வாசகி)

சிரித்துவிட்டேன். அது ஒளிபரப்பானது 2022 ஆகஸ்டில். அப்போது ஜெஸ்ஸியாக நடிக்கும் ஏரன் பாலுக்கு 42 வயது, பாத்திரத்துக்கு இருபத்துச் சொச்சம். வண்டிக்குள் மூன்று பேரும் இருக்கிற அந்தக் காட்சி எனக்கும் பெரிதாக ஒட்டவில்லை. பழைய நண்பர்களை அழைத்து எடுத்த குரூப் போட்டோ மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த எபிசோடில் ஜெஸ்ஸி ஒரு மழை இரவில் கிம்முடன் நிற்கிறான் பாருங்கள், அதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிறாள் கிம். இந்தப் பையன் சிகரெட் கேட்கிறான். உள்ளே இருக்கிற வக்கீல் தேறுவானா என்று விசாரிக்கிறான். எனக்குத் தெரிந்த காலத்தில் நல்ல வக்கீல்தான் என்று சொல்லிவிட்டு அவள் மழைக்குள் ஓடிவிடுகிறாள். நல்ல வக்கீல்தான் என்றா சொன்னாள்? எனக்கென்னவோ நல்லவன்தான் என்று சொன்னதாகவே கேட்டது. இரண்டு தொடர்களும் ஒரு தாழ்வாரத்தின் கீழ் தோள் இடித்துக்கொண்டு நின்றன, ஒன்றுக்கு மற்றது யாரென்று தெரியாமலே.

வந்தவர்கள் பட்டியல் பெரிது. ஐந்தாவது சீசனில், வால்ட்டின் சகலையான போதைத் தடுப்பு அதிகாரி ஹேங்க் பழையபடி நையாண்டியோடு வந்தார், சந்தோஷம். வேக்யூம் கிளீனர் கடைக்காரராக வரும் ராபர்ட் ஃபோர்ஸ்டர் இறந்தது 2019 அக்டோபரில். அவர் ஃபோனில் பேசுகிற காட்சி வெளியானது 2020 பிப்ரவரியில். அதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்தது.

53 எம்மி பரிந்துரை, ஒரு விருதுகூட இல்லை. இது அநியாயம் இல்லையா? (நாகர்கோவில்)

அநியாயம்தான். கிம்மாக நடித்த ரியா சீஹார்னுக்குக் கொடுக்காததை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த கேள்வி.

எதை முதலில் பார்ப்பது? முன்கதைதானே, முதலில் இதைப் பார்த்தால் என்ன? (மதுரை)

வேண்டாம். ‘பிரேக்கிங் பேட்’ முதலில். முன்கதையின் முதல் காட்சியே கறுப்பு வெள்ளையில், அந்தக் கதையெல்லாம் முடிந்த பிறகு ஒமாஹாவில் ஒரு பன் கடையில் ஒளிந்து வாழ்கிற நம் வக்கீலைத்தான் காட்டுகிறது. மீசை வைத்துக்கொண்டு மாவு பிசைகிற அந்த ஆள் யாரென்று தெரியாவிட்டால் உங்களுக்கு என்ன புரியும்?

ஏழு வருஷத் தண்டனையோடு தப்பித்திருக்க வேண்டியவன் தானாகவே 86 வருஷம் வாங்கிக்கொண்டான். லூசா அவன்? என் வீட்டில் இதற்காக ஒரு வாரமாகச் சண்டை. (கோவை)

வீட்டில் யார் எந்தக் கட்சி என்று எழுதவில்லையே! நான் ‘லூசு இல்லை’ கட்சி. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது மேரி, அதாவது ஹேங்கின் மனைவி. திரும்பி வந்தவர்களில் கதைக்கு அதிகம் வேலை செய்தது அவர்தான், ஆனால் யாரும் அவரைப் பற்றிக் கடிதம் எழுதவில்லை. அரசு வக்கீல்களோடு சால் பேரம் பேசுகிற அறையில், புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னாலேயே, நானும் மிரட்டப்பட்டவன்தான், பயந்துதான் செய்தேன் என்று இவன் கண்ணீர் கதை விடுகிறான். ஆயுளில் ஆரம்பித்த பேரத்தை ஏழு வருஷத்துக்கு இறக்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஐஸ்கிரீம் வேறு கேட்கிறான். பாலைவனத்தில் கால் எலும்புக்குப் பேசியவன்தான், ஆள் மாறவே இல்லை. அப்புறம் கோர்ட்டில், கிம் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பேரம் பேசி இறக்கியதையெல்லாம் அவனே ஏற்றுகிறான். தன் அண்ணன் சக் சாவுக்குத் தான் காரணமானதையும் சொல்கிறான். அது குற்றப்பத்திரிகையிலேயே கிடையாது. நீதிபதி சால் என்று கூப்பிட, என் பெயர் மெக்கில் என்கிறான். கிம்முக்காகச் செய்தானா, தனக்காகவா என்பதில் வேண்டுமானால் இன்னும் ஒரு வாரம் சண்டை போடுங்கள்.

ஜிம்மி ஓட்டும் அந்த மஞ்சள் டப்பா என்ன கார்? எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. (திண்டுக்கல் மெக்கானிக்)

சரியான ஆள் கேட்டிருக்கிறீர்கள். அது சுஸுகி எஸ்டீம். ஆனால் நம் ஊர் மாருதி எஸ்டீம் இல்லை. அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்றதை இங்கே பழைய மாருதி பலேனோ என்று ஓட்டினோம். ஒரு கதவு மட்டும் நிறம் மாறிச் சிவப்பாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். பெரிய கம்பெனி கொடுத்த புதுக் காரில், கிம் வாங்கித் தந்த காபிக் கோப்பை, கோப்பை வைக்கிற குழிக்குள் நுழையாது. கடைசியில் பொறுமை இழந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் குழியையே நெம்பிப் பெரிசாக்கிவிட்டுக் கோப்பையை உள்ளே வைப்பான். உங்கள் பட்டறைக்கு இப்படி ஒரு கார் வந்தால் என்ன பில் போடுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.