ஸ்மோக்கி மலை ஓடைகளின் புரூக் ட்ரௌட்: கேள்வி பதில்

டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் நிற்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் ஓடைகளில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். ஆண்டில் சில நாள்கள் அங்குள்ள தேசியப் பூங்காவின் மீன் கணக்கெடுப்பில் தன்னார்வலராக வாளி சுமக்கவும் போகிறேன். தமிழ் நண்பர்கள் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒருசேர விடை சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, இந்த மலைகளில் ரெயின்போ, பிரவுன், புரூக் என மூன்று ட்ரௌட் இருப்பதாகச் சொல்கிறார்கள். இவற்றில் மண்ணின் மீன் எது? எப்படி அடையாளம் காண்பது?

புரூக் ட்ரௌட் ஒன்றுதான். ரெயின்போ அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதியிலிருந்தும் பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் மனிதர்களால் கொண்டுவந்து விடப்பட்டவை. வகைப்பாட்டின்படி பார்த்தால் புரூக் ட்ரௌட் உண்மையான ட்ரௌட்டே அன்று. அது சார் எனப்படும் குளிர்நீர் மீன்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. அடையாளம் காண்பதற்கும் அந்த வேறுபாடே உதவுகிறது: மற்ற இரண்டுக்கும் வெளிறிய உடலில் கரும்புள்ளிகள் இருக்கும், இதற்குக் கருத்த உடலில் வெளிர் புள்ளிகள் இருக்கும்.

ஈரக் கையில் ஒரு மீனைத் தண்ணீரோடு ஏந்திப் பாருங்கள். முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வளைகோடுகள் தெரியும். பக்கவாட்டில் சிவப்புப் பொட்டுகளும், அவற்றைச் சுற்றி நீல வளையங்களும் இருக்கும். அடித்துடுப்புகளின் முன்விளிம்பு பால் வெள்ளையாகவும் அதையொட்டி ஒரு கருங்கோடாகவும் வேட்டிக் கரை போலத் துலக்கமாக இருக்கும். ஓடும் நீரில் மீனின் உடல் கண்ணுக்குப் படாதபோதும் அந்த வெள்ளைக் கரை காட்டிக்கொடுத்துவிடும். மலைவாசிகள் இதை ‘ஸ்பெக்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும் மீன்தான். இதே இனம் 1915இல் கனடாவின் நிப்பிகான் ஆற்றில் பதினான்கரை பவுண்டு எடையில் பிடிபட்டிருக்கிறது என்றால், உணவும் நீரின் அளவும் ஒரு மீனை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரன். வாய்க்காலில் மண்புழுவும் தக்கையும் போட்டுக் கெளுத்தி பிடித்து வளர்ந்தவன். ஃபிளை ஃபிஷிங் அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நீங்கள் பிடித்த முறையில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழுந்தது. இங்கே முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது; எனவே எடையைக் கயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தடித்த அந்தக் கயிறு கோலின் வளைவில் சேரும் விசையால் காற்றில் சுருள் விரிந்து போகிறது. அதன் நுனியில் கட்டிய, போகப் போக மெலியும் தங்கூஸ் நரம்பு பூச்சியை நீரின் மேல் மெல்ல இறக்குகிறது. எங்கள் சிற்றோடைகளுக்கு ஏழரை அடிக் கோலும், கயிற்றின் எடை வரிசையில் மூன்றாம் எண் கயிறும் போதும்.

பூங்கா எல்லைக்குள் மண்புழுவோ வேறு உயிர் இரையோ பயன்படுத்தக் கூடாது; ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டுமே அனுமதி. பூச்சியைப் பொறுத்தவரை, 1922இல் மிச்சிகனில் உருவான ஆடம்ஸ் என்ற சாம்பல் நிறப் பூச்சி 14 அல்லது 16ஆம் அளவு முள்ளில் கட்டிப் பெட்டியில் இருந்தால் பாதி ஆண்டை ஓட்டிவிடலாம். இந்த மலைகளுக்கே உரிய பழைய பூச்சி யெல்லோஹாமர் என்பது. ஃபிளிக்கர் என்ற மரங்கொத்தியின் மஞ்சள் இறகைப் பிளந்து முள்ளில் சுற்றிச் செய்வார்கள். அந்தப் பறவை சட்டப் பாதுகாப்புக்குள் வந்தபின் வேறு பறவைகளின் இறகுக்கு மஞ்சள் சாயம் ஏற்றிக் கட்டுகிறார்கள். மீன் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மூன்று முறை போனேன், அண்ணா. நான் கரையை நெருங்குவதற்குள் மீன்கள் சிதறி ஓடிவிடுகின்றன. என் வீச்சில்தான் குறையா?

வீச்சில் இல்லை, நடையில் இருக்கிறது. ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி, அதன் முதுகுப்புறமாகப் போங்கள். பாறைக்குப் பின்னால் மண்டியிடுங்கள், நிழல் மடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சு எங்கே என்று முடிவு செய்யும் முன் இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். கயிற்றை நீரோட்டம் இழுத்துப் பூச்சி வழுக்கிக்கொண்டு போனால் அந்த மடுவில் அன்று வேலை முடிந்தது. பூச்சி நுரையோடு நுரையாக, நுரையின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும்.

கேள்வி: சொந்த மீன் என்கிறீர்கள், ஆனால் கீழே உள்ள ஆறுகளில் ரெயின்போதான் நிறைந்திருக்கிறது. புரூக் ட்ரௌட் எங்கே போயிற்று?

மேலே ஏறிவிட்டது, அல்லது ஏற்றப்பட்டுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் இந்த மலைகளை மொட்டையடித்தன. 1901இல் தொடங்கி 1939 வரை டவுன்செண்ட் ஊரில் மரம் அறுத்த லிட்டில் ரிவர் லம்பர் கம்பெனி அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. ஓடைப் படுகையை ஒட்டியே தண்டவாளம் போட்டு, கட்டைகளைச் சரிவில் இழுத்துக் கொண்டுவந்தார்கள். நிழல் போனதால் நீர் சூடேறியது. மழைக்குக் கரைந்த மண், முட்டையிடும் சரளைக் கற்களின் இடுக்கை அடைத்தது. மீன் குறைந்ததைக் கண்டவர்கள், நல்லெண்ணத்தோடுதான், ரெயின்போவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வேகமாக வளரும். ஒரே வயதில் புரூக் ட்ரௌட்டைவிடப் பெரிதாக இருக்கும். உணவுக்கும் நிற்கும் இடத்துக்கும் போட்டியிட்டு வென்றுவிடும். 1934இல் தேசியப் பூங்கா அமைந்து காடு மீண்டும் அடர்ந்த பின்னும் சொந்த மீன் தன் பழைய மடுக்களுக்குத் திரும்ப முடியவில்லை. அங்கே வேறொருவர் குடியேறியிருந்தார். நூறாண்டுக்கு முன் அது வாழ்ந்த நீரில் ஏறத்தாழ முக்கால் பங்கை இழந்துவிட்டது. இன்று பெரும்பாலும் 3,000 அடிக்கு மேற்பட்ட ஒடுங்கிய தலையோடைகளில்தான் அதைக் காணலாம்.

கேள்வி: அப்படியானால் பண்ணையில் புரூக் ட்ரௌட் குஞ்சுகளைப் பொரித்து ஓடையில் விட்டால் தீர்ந்ததே?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பண்ணைகளில் வளர்ந்தவை வடக்கத்திய வழிவந்தவை. வர்ஜீனியாவின் நியூ ஆற்றுப் பகுதிக்குத் தெற்கே வாழும் புரூக் ட்ரௌட் மரபணுவில் அவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டது. பெயர் ஒன்று என்பதற்காக ஓரிடத்து மீனை மற்றோரிடத்தில் கொட்டினால், பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஓடைக்கென்றே பழகிய மரபு கலைந்துபோகலாம். பூங்காவில் ட்ரௌட் குஞ்சு விடுவதை 1970களின் நடுவில் அறவே நிறுத்தியது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

நம் காவிரியிலும் இதே பாடம் இருக்கிறது. அந்த ஆற்றுக்கே உரிய திமில் மகசீர் என்ற மீன் அங்கே அரிதாகிப் போனதற்கு, பண்ணையில் பெருக்கி விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரின் பரவல் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. திமில் மகசீருக்கு அறிவியல் பெயர் சூட்டி உறுதிசெய்ததே 2018இல்தான். அதற்குள் அது அழிவின் விளிம்பில் நின்றது.

கேள்வி: ஓடையில் விஷம் கலந்து மீனைக் கொல்வதை ‘மீட்பு’ என்கிறார்களாமே? கேட்கவே மனம் ஒப்பவில்லை.

உங்கள் மனம் ஒப்பாதது நியாயமே. இதே மலையில் அதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. 1957இல் ஏப்ரம்ஸ் கிரீக் என்ற ஓடையில், ரெயின்போ ட்ரௌட் வேட்டைக்கு வசதி செய்வதற்காக, ரோட்டினோன் என்ற மருந்தைக் கலந்து அங்கிருந்த மற்ற மீன்களை ஒழித்தார்கள். செத்து மிதந்தவற்றில் விரல் நீளமே உள்ள, கெளுத்திச் சாதியைச் சேர்ந்த ஒரு சிறு மீன் இருந்தது. பின்னாளில் ஆராய்ந்தபோதுதான் அது அறிவியலுக்கே புதிய இனம் என்று தெரிந்தது. ஸ்மோக்கி மேட்டம் என்று 1969இல் அதற்குப் பெயர் வைத்தபோது அந்த இனமே அற்றுப்போய்விட்டதாக நம்பினார்கள். 1980இல் பக்கத்துச் சிட்டிகோ கிரீக்கில் அது உயிரோடு இருப்பது தெரிய வந்தது. அங்கிருந்து முட்டைகளை எடுத்து வளர்த்து, 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏப்ரம்ஸ் கிரீக்கில் மீண்டும் விட்டார்கள். ஓடையில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று தெரியாமலேயே எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ததன் விளைவு அது.

இன்றைய முறை வேறு. முதலில், கீழிருந்து மீன் ஏற முடியாத அருவி ஒன்று இயற்கையாகவே இருக்கும் ஓடையை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ரெயின்போ மறு ஆண்டே ஏறி வந்துவிடும். சிற்றோடையானால் மருந்தே இல்லாமல், முதுகில் சுமக்கும் மின்கருவியால் மீன்களை மயக்கி வலையில் அள்ளி அகற்றுகிறார்கள். லின் கேம்ப் பிராங் போன்ற பெரிய ஓடையில் அது முடியாததால் 2008 முதல் ஆன்ட்டிமைசின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் பயன்படுத்தினார்கள். எல்லையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டவிட்டு, மருந்து அதற்குக் கீழே போகாமல் முறித்தார்கள். ரெயின்போ அகன்றபின், பக்கத்து ஓடைகளின் காட்டுப் புரூக் ட்ரௌட்டைக் கொண்டுவந்து விட்டு, இனம் பெருகும்வரை காத்திருந்து, 2015இல் தூண்டிலுக்குத் திறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை அது.

வேறொரு சிற்றோடையில் அப்படி மீன் மாற்றிய நாளில் நானும் இருந்தேன். வாளியில் பாதி நீர், அதில் பதினைந்து மீன்கள், ஒரு சிறு காற்றுக்குழாய். வழுக்குப் பாறைகளில் ஒரு மைல் ஏறுவதற்குள் நீர் சூடாகிவிடக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திப் புதிய நீர் ஊற்றினோம். விடும் இடத்தில் வாளியைக் கவிழ்க்கவில்லை. ஓடை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குள் விட்டு இரண்டின் குளிரும் ஒன்றான பிறகு வாளியைச் சாய்த்துப் பிடித்தோம். ஒரு மீன் உடனே போகவில்லை. வாளியின் விளிம்பிலேயே துடுப்பசைத்து நின்று, பிறகு ஒரு கல்லின் அடியில் நுழைந்தது. அந்தக் கல்லை இன்றும் எனக்கு அடையாளம் தெரியும்.

கேள்வி: கோடை விடுமுறை ஜூலையில்தான் கிடைக்கிறது. அப்போது பிடிக்கலாமா?

கோலுக்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் கயிற்றைச் சுருட்டிவிடுங்கள். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும்: 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் கரையுமானால், 20 டிகிரியில் ஒன்பதுதான். அதே நேரத்தில் சூட்டினால் மீனின் தேவையோ கூடுகிறது. அந்த நிலையில் தூண்டிலில் போராடிய மீன் கையிலிருந்து நீந்திப் போவது போலத் தோன்றினாலும் பாறையடியில் போய்ச் சாகக்கூடும். ஜூலையில் விடியற்காலையில், உயரமான ஓடைக்குப் போங்கள்.

நீர் சூடேறுவதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஓடைக்குக் குடை பிடித்து நின்ற ஹெம்லாக் மரங்களின் சாற்றை, ஆசியாவிலிருந்து வந்த பஞ்சு போன்ற ஒரு சிறு பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. 2002இல் அது பூங்காவுக்குள் வந்தது. ஒவ்வொரு மரமாக மருந்திட்டும், அந்தப் பூச்சியைத் தின்னும் வண்டுகளை விட்டும் காப்பாற்ற முயல்கிறார்கள். மரம் காப்பதும் மீன் காப்பதும் இங்கே ஒரே வேலை.

கேள்வி: பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டு விடுகிறேன். அதில் தவறு ஒன்றும் இல்லையே?

எவ்வளவு நேரம் நீருக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரெயின்போ ட்ரௌட்டைக் களைக்கும்வரை ஓடவைத்தார்கள். அப்படியே நீரில் விட்டவற்றில் 100க்கு 12 இறந்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 இறந்தன. 60 நொடி வைத்தவற்றில் 72 இறந்தன. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். முள்ளின் நுனியருகே உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்தால் மீனைத் தூக்காமலே முள்ளை எடுத்துவிடலாம். படம் வேண்டுமானால், நண்பர் கேமராவோடு தயாரான பிறகு, நீர் சொட்டச் சொட்ட ஒரு மூச்சு நேரம் தூக்குங்கள்.

கேள்வி: குழந்தைகள் ஓடையில் கல் அடுக்கி அணை கட்டி விளையாடுகிறார்கள். இதையும் தடுக்க வேண்டுமா?

ஆம், தடுக்க வேண்டும். பூங்காவில் அதற்குத் தடையும் உண்டு. ஹெல்பெண்டர் என்ற இரண்டடி வரை வளரும் சாலமாண்டரும், பல சிறு மீன்களும் தட்டைக் கற்களின் அடியில்தான் முட்டையிடுகின்றன. நாம் புரட்டும் ஒரு கல் அவற்றின் வீட்டுக் கூரை. குழந்தைகளுக்கு அதை அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: பிடித்ததைச் சமைக்கலாமா? இலையுதிர் காலத்தில் போகலாமா?

இரு மாநிலங்களில் ஒன்றின் உரிமம் இருந்து, மீன் ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், ஒரு நாளைக்கு ஐந்து வரை வைத்துக்கொள்ளப் பூங்கா அனுமதிக்கிறது. புரூக் ட்ரௌட்டுக்கு 1976 முதல் தடை இருந்தது. தூண்டிலால் அதன் எண்ணிக்கை குறைவதில்லை என்று சோதித்துப் பார்த்த பின் 2006இல் தடையை நீக்கினார்கள். எனவே ஒன்றிரண்டைச் சமைப்பவரை நான் குறை சொல்வதில்லை. இலையுதிர் காலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிப் பள்ளம் செய்து முட்டையிடும் பருவம் அது. படுகையில் சுற்றிலும் கருத்த கற்களிடையே ஒரு முறம் அகலத்துக்குக் கழுவிவிட்டாற்போல வெளுத்த சரளை தெரிந்தால், அதன்மேல் கால் வைக்காமல் கரையேறிச் சுற்றிப் போங்கள்.

கேள்வி: நீலகிரி அவலாஞ்சியில் ட்ரௌட் உண்டே, அதுவும் சொந்த மீன்தானா?

இல்லை. ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து கொண்டுவந்தது அது. அவலாஞ்சிப் பொரிப்பகம் 1907இல் தொடங்கப்பட்டது. அந்த மலைநீரின் சொந்தக்காரர்கள் கல்லில் ஒட்டி வாழும் சிறு மீன்கள். அவற்றைப் பற்றித் தமிழில் யாராவது பொறுமையாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: வரும் ஏப்ரலில் மகளோடு வருகிறேன். எங்கே தொடங்கட்டும்?

எல்க்மாண்ட் முகாமிலிருந்து லிட்டில் ரிவர் ஓரமாகப் போகும் பாதையில் தொடங்குங்கள். கீழே ரெயின்போவில் மகளுக்குக் கை பழகட்டும். மறுநாள் மேலே ஏறிப் புரூக் ட்ரௌட்டைத் தேடலாம். ஏப்ரலில் காலை நீர் மிகவும் குளிர்ந்திருப்பதால் பத்து மணிக்கு முன் அவசரப்பட வேண்டாம். வேறு ஆற்றில் நனைந்த காலணிகளோடு வருவதானால், நோய்க்கிருமியும் பாசியும் ஒட்டி வராதபடி தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்திக் கொண்டுவாருங்கள். அடிப்பகுதி கம்பளியாக இருந்தால் அது உள்ளே உலர்வதே இல்லை. ரப்பர் அடி உள்ளதாக வாங்கிவிடுங்கள்.