பிக்கப் ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

வெயில் ஏறியதும் வரும் கேள்விகளில் பாதி ரேடியேட்டரைப் பற்றித்தான். லோடு அடிக்கிற டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கழற்றி மாட்டுவது சுலபம். வண்டி மறுபடி சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்குப் பிறகு உள்ளே ஊற்றுகிற தண்ணீரும் வெளியேறாமல் நிற்கிற காற்றும்தான்.

மேல் டேங்க் சேருகிற இடத்தில் கசிகிறது. எம்-சீல் வைத்து ஓட்டலாமா அண்ணா? (நாமக்கல்)

வீடு வந்து சேர உதவலாம், அவ்வளவுதான். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், டேங்க் பிளாஸ்டிக். இடையில் ஒரு ரப்பர் வளையம் வைத்து விளிம்பை மடித்திருப்பார்கள். சூடான தண்ணீர் அழுத்தத்தோடு அங்கே முட்டும், கூடவே வண்டியின் அதிர்வு. மேலே பூசியது எதுவும் நிற்காது. பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். உங்களுடையதை மாற்றிவிடுங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்? எந்த வரிசையில் கழற்றுவது? (திருப்பூர்)

சாதாரண ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், பிளையர், அகலமான பழைய டப், புது ஹோஸ் கிளிப்புகள். பழகாத கைக்கு அரை நாள் பிடிக்கும்.

இரவு முழுக்க ஆறிய வண்டியில்தான் வேலை. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரி நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, அடியில் டப் வைத்து டிரெயின் பிளக்கைத் திருகி வடியுங்கள். அப்புறம் மேல் ஹோஸ், மிஞ்சும் தண்ணீர் சேரும் பாட்டிலுக்குப் போகும் சின்ன ஹோஸ், ஃபேனைச் சுற்றியுள்ள கவர், கீழ் ஹோஸ். கடைசியாக மேலே பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டுகள். நேராகத் தூக்கினால் வந்துவிடும்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுத்துப் போராடாதீர்கள், கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றியும் பழைய ஹோஸையே மாட்டுவது வீண் சிக்கனம். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் பழைய ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், தேடி எடுத்துப் புதியதில் போடுங்கள். அது இல்லாவிட்டால் அதிர்வு நேராக டேங்கில் இறங்கும். புதியதை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து குழாய், மூடிக் கழுத்து, போல்ட் துளை எல்லாம் ஒத்துப் பாருங்கள். கடைக்காரர் "அதேதான் சார்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏசி இருக்கிறது. கேஸ் போய்விடுமா?

போகாது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது ஏசி கன்டென்சர். அதன் போல்ட்டை மட்டும் கழற்றி, கயிற்றால் முன்பக்கம் கட்டி வையுங்கள். பைப் நட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

போர் தண்ணீர் ஊற்றினால் என்ன? அப்பா காலத்திலிருந்து அதைத்தான் ஊற்றுகிறோம். (ராமநாதபுரம்)

உங்கள் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். அந்தப் படிவம் சூட்டை வெளியே விடாது. இஞ்சினுக்குள் துருவும் ஏறும். அதற்குப் பதில் ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவமான கூலண்ட்டை ஊற்றுங்கள். அதில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, நம் வெயிலில் அதற்காகத்தான் அது முக்கியமாக வேண்டும். கலந்தே விற்பதாக இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். கான்சன்ட்ரேட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்குங்கள்.

மூடியையும் புதிதாகப் போடுங்கள், அதில் 0.9 அல்லது 1.1 மாதிரி ஒரு எண் இருக்கும், பழையதில் உள்ள அதே எண்தான் வேண்டும். ஒரு பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் அந்த லாபம் போய்விடும்.

பச்சை கூலண்ட் இருக்கிறது. சிவப்பு ஊற்றலாமா?

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்துக் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள்.

புது ரேடியேட்டர் போட்டும் சூடு காட்டும் முள் மேலே போகிறது. (தேனி)

முதலில் காற்றைப் பாருங்கள். முன்பக்கம் மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக நிரப்புங்கள். மூடி போடாமல் ஐட்லிங்கில் ஓடட்டும். தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் இறங்கும். ஊற்றிச் சமன் செய்து, குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மறுபடி மட்டம் பாருங்கள்.

குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, இஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, ஹெட் கேஸ்கட்டை (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடு) சந்தேகப்படுங்கள். அது வீட்டு வேலை இல்லை.

இன்னொன்று, சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிகிற பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். வால்வு கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

எங்களிடம் ஆட்டோ கியர் ஹைலக்ஸ் கெப். இதே முறைதானா ஐயா? (வவுனியா)

ஒரு வேலை கூடும். பல ஆட்டோ கியர் வண்டிகளில் கியர் எண்ணெயும் ரேடியேட்டரின் ஒரு டேங்குக்குள் போய்த்தான் குளிர்கிறது. உங்களுடையதிலும் இரண்டு மெல்லிய குழாய்கள் அங்கே வந்தால், கழற்றியதும் முனைகளை அடைத்து வையுங்கள், சிந்திய எண்ணெயை ஈடுகட்டுங்கள். பழைய கூலண்ட் இளஞ்சிவப்புப் பாலாக வந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டாமல் கியர்பெட்டியைக் காட்டுங்கள்.

ஓட்டையை அடைக்க அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா?

நட்ட நடுக்காட்டில் நின்றால் போடுங்கள். வீடு வந்ததும் கழுவிவிடுங்கள், ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.

வடித்த பழைய கூலண்ட்டை எங்கே கொட்டுவது?

தெருவில் வேண்டாம். பெரும்பாலான கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துவிடும். மூடியுள்ள கேனில் அடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.