உண்ணி பிடிக்கவா இவ்வளவு படிச்ச? – கடிதமும் பதிலும்

கடிதம்:

வணக்கம் அண்ணா. நாங்க தென்னாப்பிரிக்கால பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்கோம், இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஆட்டுப் பண்ணைகளப் பத்தி நீங்க எழுதினத என் பொண்ணுதான் காட்டினா. டர்பன்ல பிஎஸ்சி கடைசி வருஷம் படிக்கிறா. மெடிசின் கிடைக்கலன்னு எங்களுக்கு ஏற்கனவே மனசு சரியில்ல, இப்ப இவ கொசுவாலயும் உண்ணியாலயும் பரவுற வைரஸத்தான் படிப்பேன், பிஎச்டி வரைக்கும் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஊர்ல இருந்து மாமியார் போன்ல, "உண்ணி பிடிக்கவாடி இவ்வளவு படிச்ச"ன்னு கேட்டாங்க, அவ அழுதுட்டா. அந்த உண்ணிக் காய்ச்சல் இந்த நாட்டுல வருஷத்துக்கு இருபது பேருக்குக்கூட வர்றதில்லயாம், அவளே சொல்றா. அதுக்கு ஒருத்தி வாழ்நாள் முழுக்க செலவு பண்ணணுமா? லேப்ல ஏதாவது ஆயிடுமோன்னு பயமாவும் இருக்கு. உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க. என் பேர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதத்துக்கு அன்னிக்கே பதில் எழுத உக்காந்தேன், முடியல. நான் விஞ்ஞானி இல்லம்மா, மாட்டுத் தீவனக் கம்பெனில கணக்குப் பாக்குறவன், பண்ணை பண்ணையா சுத்துறதால சில விஷயங்கள கண்ணால பாத்திருக்கேன், அவ்வளவுதான். அதுல ஒண்ண முதல்ல சொல்லிடறேன், அந்தக் கட்டுரைல நான் எழுதாம விட்டது.

2010, மார்ச் மாசம். அந்த வருஷம் ஃப்ரீ ஸ்டேட்ல மழைன்னா அப்படி ஒரு மழை. இங்க ஃப்ளேன்னு சொல்ற ஆழமில்லாத பள்ளமெல்லாம் குளமா நின்னுச்சு, சாயங்காலம் கார் கதவத் திறந்தா வாய்க்குள்ளயே கொசு போகும். புளூம்ஃபொன்டைன்ல இருந்து ஒரு மணி நேர தூரத்துல ஒரு பண்ணை, பில் விஷயமா போயிருந்தேன். பட்டிக்குள்ள பாத்தா செனை ஆடுங்க எல்லாம் தலையத் தொங்கப்போட்டு நிக்குது, வைக்கோல் மேல செத்த குட்டிங்க. ரோமம்கூட முளைக்காத குட்டி, இன்னும் அந்த ஜவ்வு பிரியாம ஈரமா கிடக்கு. சோத்தோ இனத்துல ஒரு வயசான தொழிலாளி ஒவ்வொண்ணா வெறுங்கையால எடுத்து தள்ளுவண்டில போட்டுக்கிட்டிருந்தார். கிளவுஸ் போடணும்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதுக்குப் பேரு ரிஃப்ட் வேலி ஃபீவர். கொசு கடிச்சாலும் வரும், நோய் வந்த ஆட்டோட ரத்தத்தையோ செத்த குட்டியையோ தொட்டாலும் வரும்.

சில நாள்ல அவருக்குக் காய்ச்சல். கிளினிக்ல ஃப்ளூன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு நான் திரும்பப் போனப்ப என் எதிர்ல நின்னு கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "உன் காது ரெண்டும் தெரியுது, முகம் தெரியல." இந்த வைரஸ் சில பேருக்கு விழித்திரை நடுவுல காயம் பண்ணிடும், ஓரத்துப் பார்வை இருக்கும், நடுப்பார்வை போயிடும். சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது.

அன்னிக்குத்தான் ஜோகன்னஸ்பர்க்ல இருந்து லேப்காரங்க வந்திருந்தாங்க. பிக்கப் வண்டி பின்னால ஐஸ் பெட்டி, கொசு பிடிக்கிற லைட் டிராப். அதுல ஒரு அம்மா, நாப்பது வயசிருக்கும், ஒரு பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து அந்தப் பெரியவர்கிட்ட எந்த ஆடு முதல்ல கரு கலைஞ்சுது, அன்னிக்கு மழை விட்டு எத்தன நாள், தண்ணி எங்க நின்னுச்சுன்னு ஒரு மணி நேரம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கிளம்பும்போது என்கிட்ட சொன்னாங்க, இவ்வளவு பெருசா இத இப்பத்தான் முதல் தடவையா நேர்ல பாக்குறேன், போன தடவ பாத்தவங்க எல்லாரும் ரிட்டையர் ஆயிட்டாங்கன்னு.

உங்க கேள்விக்கு என் பதில் இதுலதான் இருக்கு. இந்த நாட்டுல ரிஃப்ட் வேலி ஃபீவர் பெரிய அலையா வந்த வருஷங்களப் பாருங்க. முதல் அலை 1950-51, அதுல மட்டும் ஒரு லட்சம் ஆடு செத்துது, அஞ்சு லட்சம் ஆட்டுக்குக் கரு கலைஞ்சுதுன்னு கணக்கு, அப்ப அது என்ன நோய்னே யாருக்கும் தெரியல, ஜோகன்னஸ்பர்க் பக்கம் செத்த ஒரு காளைய அறுத்துப் பாத்த கால்நடை டாக்டருங்களே காய்ச்சல்ல விழுந்த பிறகுதான் வெளிய வந்துச்சு. அடுத்தது 1974-76, இந்த நாட்டுல மனுஷங்க செத்தது அப்பத்தான் முதல் தடவ. அப்புறம் 2010, 200 பேருக்கு மேல வந்துச்சு, இருபத்துச் சொச்சம் பேர் செத்தாங்க. நடுவுல சின்னச் சின்னதா வந்துட்டுப் போகும், ஆனா பெரிய அலைக்கும் பெரிய அலைக்கும் நடுவுல கிட்டத்தட்ட இருபத்தஞ்சு வருஷம், முப்பத்தஞ்சு வருஷம். ஒரு மனுஷன் வேலைல சேந்து ரிட்டையர் ஆகுற காலம் அது! கொசு முட்டை காஞ்ச சேத்துக்குள்ள வைரஸோட வருஷக்கணக்கா கிடக்கும், மழை வெள்ளம் வந்தாத்தான் பொரிக்கும். அது காத்திருக்கிற அளவுக்கு இந்தப் பக்கமும் யாராவது காத்திருக்கணும்ல? அலை வந்த பிறகு ஆள் தேடினா கிளினிக்ல ஃப்ளூன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.

அப்படிக் காத்திருந்தவங்க இருந்தாங்க. புரூஸ் மெக்கின்டாஷ்னு ஒரு பூச்சியியல்காரர், வருஷக்கணக்கா இந்த நாட்டுக் கொசுக்களையும் அதுங்க சுமக்குற வைரஸையும் படிச்சவர். ரிஃப்ட் வேலி வைரஸ முட்டைலயே சுமக்குற ஒரு கொசுவுக்கு 1985ல அவர் பேரையே வச்சாங்க, ஏடிஸ் மெக்கின்டாஷி. உங்க மாகாணம் குவாசுலு-நட்டாலயே எடுத்துக்குங்க, வடக்கு மூலைல டோங்காலாந்துன்னு சொன்ன பகுதில 1950கள்ல ஜோகன்னஸ்பர்க்காரங்க வலையும் கூண்டுமா போய் கொசு பிடிச்சாங்க. அந்தக் காலத்துல கிடைச்ச ஸ்பாண்ட்வேனின்ற வைரஸ அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. பிரேசில்ல ஜிகான்ற கொசு வைரஸ் வந்து பச்சப் புள்ளைங்க தலை சிறுத்துப் பிறந்தப்ப, ஜிகாவுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் இந்த ஸ்பாண்ட்வேனிதான்னு அந்தப் பழைய பேப்பரையெல்லாம் திரும்ப எடுத்துப் படிச்சாங்க.

இப்ப உங்க இருபது பேர் கணக்குக்கு வர்றேன். நீங்க சொல்றது கிரிமியன்-காங்கோ காய்ச்சல். வருஷத்துக்கு பெரும்பாலும் இருபதத் தாண்டாதுதான், ஆனா வந்தா கிட்டத்தட்ட நாலு பேர்ல ஒருத்தர் போயிடுவாங்க, ரத்தம் நிக்காது. 1944ல கிரிமியால சோவியத் சிப்பாய்களுக்கு வந்தது ஒண்ணு, 1956ல காங்கோல கண்டுபிடிச்சது ஒண்ணு, ரெண்டும் வேற வேற நோய்னு இருந்தாங்க, ரெண்டும் ஒரே வைரஸ்தான்னு 1969ல அமெரிக்கால ஜோர்டி கசால்ஸ் காட்டினார். தென்னாப்பிரிக்கால முதல் கேஸ் 1981ல, மேற்கு டிரான்ஸ்வால்ல கேம்ப் போன 13 வயசுப் பையன், உண்ணி கடிச்சு செத்துப்போனான். புதுசா எங்கிருந்தோ நோய் வந்துடுச்சுன்னு எல்லாரும் பதறினாங்க. ராபர்ட் ஸ்வானபூல், கால்நடை டாக்டரா இருந்து வைரஸ் பக்கம் வந்தவர், ஜிம்பாப்வேல ரிஃப்ட் வேலிய படிச்சுட்டு ஜோகன்னஸ்பர்க் வந்தவர், அவரும் கூட இருந்தவங்களும் நாடு பூரா மாட்டு ரத்தம் சேத்து டெஸ்ட் பண்ணாங்க. பாத்தா ஊர் ஊரா மாட்டு ரத்தத்துல ஆன்ட்டிபாடி, அதாவது அந்த வைரஸ் வந்துட்டுப் போனதுக்கான அடையாளம் இருக்கு, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், முயல் வரைக்கும் இருக்கு. நோய் புதுசே இல்ல. எப்பவும் இருந்திருக்கு, இதுக்கு முன்னாடி எத்தன பேர் பேர் தெரியாத காய்ச்சல்னு புதைக்கப்பட்டாங்களோ! அந்த இருபதுன்ற நம்பர் இன்னிக்கு உங்க பொண்ணு வாய்ல வருதுன்னா, யாரோ மாட்டுக் காதுல உண்ணி பொறுக்கினதாலதான் வருது. மாமியார்கிட்ட இதச் சொல்லுங்க.

அந்த உண்ணியப் பாத்திருக்கீங்களா? நம்ம ஊர் மாட்டுல பாக்குற குண்டு உண்ணி மாதிரி சும்மா புல் நுனில தொத்திக்கிட்டு இருக்காது. கால்ல பட்டை பட்டையா செவப்பும் வெள்ளையும் இருக்கும், மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்து ஆள் நடமாட்டம் தெரிஞ்சா வெளிய வந்து ஓடி வரும். கிம்பர்லி பக்கம் ஒரு வேலி ஓரம் நின்னு போன் பேசிக்கிட்டிருந்தேன், அஞ்சாறு அடி தூரத்துல மண்ணுல என்னமோ நகருதுன்னு பாத்தா, நேரா என் ஷூவ நோக்கி வருது! நான் ரெண்டடி தள்ளி நின்னேன், அதுவும் திரும்பி என் பக்கமே வருது. எங்க பாட்டி மாட்டுக் காதுல உண்ணி பிடுங்கி ரெண்டு கட்டை விரல் நகத்துக்கு நடுவுல வச்சு நசுக்குவாங்க, நாங்களும் அப்படித்தான் பழகினோம். இங்க அத செய்யவே கூடாதும்மா, நசுக்கினா அந்த ரத்தம் நகக்கண் வழியா உள்ள போனாலே போதும். இன்னொண்ணு, உண்ணி கடிச்சு வர்றதெல்லாம் வைரஸ் இல்ல. எனக்கே ஒரு தடவ தொடைல கருப்பா பொருக்கு கட்டி காய்ச்சல் வந்துச்சு, அது பாக்டீரியா, டாக்ஸிசைக்ளின் மாத்திரைல நாலஞ்சு நாள்ல சரியாச்சு.

பயத்தப் பத்தி. பயம் நியாயம், இல்லன்னு சொல்ல மாட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சில அந்தக் காலத்துல விஞ்ஞானிங்களே செத்திருக்காங்க, 1927ல ஏட்ரியன் ஸ்டோக்ஸ், 1928ல நொகுச்சி. நம்ம பிரிட்டோரியால பிறந்த மேக்ஸ் தைலருக்கும் லேப்லயே அந்தக் காய்ச்சல் வந்து பொழச்சார். அப்புறம் அந்த வைரஸ நூறு தடவைக்கு மேல மாத்தி மாத்தி வளத்து பலவீனமாக்கி 1937ல 17டி தடுப்பூசி வந்துச்சு, 1951ல நோபல். ஊசி போட்டாச்சுன்னு காட்டுற மஞ்சள் கார்டுக்காக இன்னிக்கும் ஏர்போர்ட் போறவங்க போட்டுக்கிறது அதுதான். அவர் அப்பா ஆர்னல்ட் தைலர்தான் 1908ல பிரிட்டோரியா பக்கம் ஒன்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆராய்ச்சி நிலையத்த ஆரம்பிச்சவர், குதிரை நோயும் மாட்டு நோயும் பாத்த மனுஷன், பையன் வளந்தது அந்த வீட்டுல. இப்ப நிலைமை வேற. ரொம்ப ஆபத்தான வைரஸுக்கு உடம்பு முழுக்க மூடின சூட், அதுக்குள்ள குழாய் வழியா காத்து. ஜோகன்னஸ்பர்க் சாண்ட்ரிங்ஹாம்ல இருக்குற அந்த மாதிரி லேப் ஆப்பிரிக்கா முழுக்க விரல் விட்டு எண்ணிடலாம். உங்க பொண்ண முதல் நாளே அதுக்குள்ள விடமாட்டாங்க, வருஷக்கணக்குல டிரெயினிங் இருக்கு. எனக்கு அத விட கிளவுஸ் இல்லாம குட்டி தூக்கின அந்தப் பெரியவர நினைச்சாத்தான் பயம்.

இது பொம்பளப் பிள்ளைக்கான வேலையான்னு கடிதத்துல நீங்க கேக்கல, ஆனா கேக்காம கேட்ட மாதிரி எனக்குத் தோணுச்சு. நம்ம நாட்டுல 1957ல கர்நாடகா ஷிமோகா காட்டுல குரங்குங்க செத்து விழுந்துச்சு, கூடவே ஜனங்களும். கியாசனூர் காட்டுக் காய்ச்சல், அதுவும் உண்ணிதான். அதக் கண்டுபிடிச்ச புனே வைரஸ் நிலையத்துக்குப் பின்னால இயக்குநரா வந்தவங்க கோர்ஷெட் பாவ்ரி, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன், மறைச்சா தப்பு. டாக்டர் சம்பளம் வராது. கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்குக் குடுக்குற பணம், வந்தா வேலை, முடிஞ்சா அடுத்த கிராண்ட் தேடணும், முப்பது வயசு வரைக்கும் ஸ்டூடன்ட்டாவே இருக்கிற மாதிரி தோணும். நீங்க அவளுக்குப் பின்னால நின்னாத்தான் தாண்ட முடியும். பிரிட்டோரியா யுனிவர்சிட்டில ஒன்டர்ஸ்டபோர்ட் கேம்பஸ் இருக்கு, விலங்குகள்ல இருந்து வர்ற வைரஸுக்குன்னே தனி மையமும் இருக்கு, அங்க பிஎஸ்சிக்கு அடுத்த ஆனர்ஸ் படிப்பப் பத்தி விசாரிக்கச் சொல்லுங்க.

உங்க ஊர்ல முனீஸ்வரன் படையலுக்கு உயிரோட ஆடு வாங்கி வீட்டுலயே வெட்டுறாங்கல்ல, அங்க ஒரு பாக்கெட் கிளவுஸ் வாங்கிக் கொடுங்க, தோல் உரிக்கிறவருக்குத்தான் முதல்ல. சமைச்ச கறில பயமில்ல, பச்ச ரத்தத்துலதான். அத அவங்களுக்கு எடுத்துச் சொல்ல உங்க பொண்ணையே அனுப்புங்க, பாட்டியும் வீடியோ கால்ல பாக்கட்டும்.

பிப்ரவரில மழை பிடிச்ச பிறகு கிம்பர்லி பக்கம் போறேன். லீவுல நீங்க குடும்பமா வர்றதா இருந்தா என் வண்டில இடம் இருக்கு. எல்லாரும் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு, பேன்ட்ட அதுக்குள்ள சொருகிட்டு வாங்க, ஏறி வந்தா பளிச்சுனு தெரியும்.