‘மைனஸ் 2.7’ வந்திருக்கிறது, மாத்திரை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 63 வயது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் மைனஸ் 2.7, இடுப்பு மைனஸ் 2.1. இதுவரை எலும்பு முறிந்ததில்லை. எலும்புப்புரை என்று சொல்லி வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ‘அதைப் போட்டால் தாடை அழுகிவிடும்’ என்று உறவினர்கள் சொல்வதால் இன்னும் வாங்கவில்லை. எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பின் அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை. முதலில் ஒன்றைப் பாருங்கள். மாத்திரை எழுதும் முன் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா? வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின், தைராய்டு ஆகியவை கட்டாயம் வேண்டும். எலும்பில் தாது எவ்வளவு இருக்கிறது என்பதை டெக்ஸா சொல்லும். அது ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது. வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடந்து, அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருந்தால், அது எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து வைட்டமின் டியும் கால்சியமும்தான், அலெண்ட்ரோனேட் அல்ல. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரிலும் இந்தக் குறைபாடு சர்வசாதாரணம். கால்சியம் குறைவாக இருக்கும்போது எலும்புப்புரை மருந்தைத் தொடங்கினால் ரத்தக் கால்சியம் இன்னும் இறங்கி, விரல்கள் மரத்துப்போகும், தசை இழுக்கும்.

ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தால், என் கருத்து: எடுங்கள்.

காரணம் சொல்கிறேன். இந்த மருந்து வலிக்கானது அல்ல, ஸ்கேன் எண்ணை அழகாக்கவும் அல்ல. எலும்பு முறியும் வாய்ப்பைக் குறைக்கத்தான் அதைக் கொடுக்கிறோம். ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியிருந்த 2,027 பெண்களிடம் நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. 3 ஆண்டுகளில் மருந்தில்லாதவர்களில் 100-க்கு 15 பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு. அலெண்ட்ரோனேட் எடுத்தவர்களில் 8 பேருக்கு. இடுப்பு முறிவு 2.2-இலிருந்து 1.1 ஆனது. உங்களுக்கு இதுவரை முறிவு இல்லை. ஆகவே கிடைக்கும் பயன் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 3 மாதங்களுக்கு மேல் எடுத்தீர்களா, முடக்குவாதம் உண்டா, உடல் மிகவும் மெலிவா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் தயக்கமே வேண்டாம். ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில் இந்தியர்களுக்கெனத் தனி அளவீடு இருக்கிறது; அடுத்த 10 ஆண்டுகளில் முறிவுக்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவரைக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தாடைப் பயத்துக்கு வருவோம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே வகை மருந்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றுவார்கள். தாடை எலும்பு பாதிப்பு பெரும்பாலும் அவர்களிடம்தான் காணப்பட்டது. எலும்புப்புரைக்கான அளவில் எடுப்பவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆட்டம் காணும் பல், சொத்தைப் பல் இருந்தால் முதலில் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு மருந்தைத் தொடங்குங்கள். பிறகு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. பல ஆண்டுகள் எடுத்த பிறகு தொடையிலோ கவட்டியிலோ விடாத வலி வந்தால், அது தொடை எலும்பில் விழும் விரிசலின் முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆசியப் பெண்களிடம் இது அதிகம். உடனே இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த அபாயம் ஆண்டுகள் கூடக் கூட ஏறுவதால்தான், 5 ஆண்டு முடிவில் நிலைமையைப் பார்த்து மருந்துக்கு இடைவேளை விடுகிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் சுரீரென்று வலி. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருக்கிறது. ஆனால் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 தான். ‘எலும்புப்புரை இல்லை, கால்சியம் போதும்’ என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போதாது. குடம் தூக்கியதற்கே எலும்பு நொறுங்கியது என்றால் அதுவே எலும்புப்புரை. டி-ஸ்கோர் என்ன சொன்னாலும் சரி. வயதானவர்களின் முதுகில் எலும்பு முளைகள் வளர்ந்திருப்பதால் அங்கே அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அமுங்கிய எலும்பும் அப்படியே. ஸ்கேன் தாளில் இடுப்பு அளவைத் தனியாகப் பாருங்கள். ரத்த சோகை, உயர்ந்த ஈ.எஸ்.ஆர்., காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அவசியம்.

முதல் முறிவுக்குப் பிறகான ஓரிரு ஆண்டுகளில்தான் அடுத்த முறிவு வரும் வாய்ப்பு மிக அதிகம். தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில், மாத்திரை எடுப்பதில் சிரமம் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் அலெண்ட்ரோனேட் வகையைச் சேர்ந்த சோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. ஏற்றலாம். குறைந்தது 15 நிமிடம் ஏறும். பெரும்பாலும் முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரக வடிகட்டும் திறன் 35-க்குக் கீழ் இருந்தால் இந்த ஊசி கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நொறுங்கியிருந்தால், எலும்பை வளர்க்கும் டெரிபராடைடு ஊசியைப் பற்றி முதலிலேயே கேளுங்கள். அது தினமும் 20 மைக்ரோகிராம், அதிகபட்சம் 2 ஆண்டு. முடிந்ததும் வேறு மருந்துக்கு மாறாவிட்டால் சேர்த்த எலும்பு கரைந்துவிடும்.

கேள்வி: வாராந்திர மாத்திரையைப் போட்டால் நெஞ்செரிச்சல் வருகிறது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான் போடுகிறேன். எதை முதலில்?
– வாசகி, கோவை

பதில்: அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், சுமார் 200 மி.லி., வெறும் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். கடிக்கவோ சப்பவோ கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் 30 நிமிடம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். படுக்கவும் குனிந்து வேலை செய்யவும் கூடாது. பலர் கோலம் போடக் குனிகிறார்கள், நெஞ்செரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. அரை மணி கழித்துத் தைராய்டு மாத்திரை, அதற்கும் அரை மணியாவது கழித்துக் காபி. கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமை தவறினால் மறுநாள் காலை ஒன்று போட்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு கூடாது.

முறையாக எடுத்தும் எரிச்சல் தொடர்ந்தாலோ விழுங்க வலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கேஸ் மாத்திரையை நீங்களாகச் சேர்த்துக்கொண்டு தொடராதீர்கள். உணவுக்குழாயில் புண் இருந்தால் அது வெளியே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: எலும்புப்புரைக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி, 4 போட்டாயிற்று. ஸ்கோர் நன்றாக ஏறிவிட்டது. செலவும் அதிகம். நிறுத்திவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தயவுசெய்து அப்படியே நிறுத்திவிடாதீர்கள். இந்த இதழில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். அலெண்ட்ரோனேட் எலும்பில் ஒட்டிக்கொண்டு, நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். டெனோசுமாப் ஒட்டாது. ஊசியின் பலம் தீர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த எலும்பு அரிக்கும் செல்கள் ஒன்றாகக் கிளம்பும். ஏறிய ஸ்கோர் ஓராண்டுக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். சிலருக்கு ஒன்றல்ல, மூன்று நான்கு முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்குகின்றன. கடைசி ஊசியிலிருந்து 7 மாதத்தைத் தாண்டவே கூடாது.

நிறுத்த வேண்டுமென்றால் வழி இருக்கிறது: கடைசி ஊசி போட்ட 6-ஆம் மாதத்தில் சோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது அலெண்ட்ரோனேட்டை ஓரிரு ஆண்டு எடுக்கலாம். செலவைத் தாங்க முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே உங்களோடு பேசியிருக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்த ஊசியால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அமெரிக்க மருந்துத் துறை 2024 ஜனவரியில் கடுமையான எச்சரிக்கை விட்டிருக்கிறது.

கேள்வி: முழங்கால் வலிக்கு ‘எலும்புத் தேய்மானம்’ என்றார்கள். முகாமில் குதிகாலை வைத்துப் பார்த்தும் எலும்பு பலவீனம் என்றார்கள். எனக்கும் இந்த மாத்திரை வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: இரண்டும் வேறு. முழங்கால் வலி குருத்தெலும்பு தேய்வதால் வருவது. எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். குதிகால் பரிசோதனையை வைத்து மருந்து தொடங்கக் கூடாது, டெக்ஸா எடுங்கள்.

கேள்வி: வயது 52, டி-ஸ்கோர் மைனஸ் 1.6. முறிவு இல்லை. பிரண்டைத் துவையலும் கேழ்வரகும் போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேறு அபாயக் காரணங்கள் இல்லையென்றால் இப்போது மருந்து தேவையில்லை. கேழ்வரகு நல்லது, 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம். உங்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. தேவை, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 600 கிடைக்கும். குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள், ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். பிரண்டையை ருசிக்குச் சாப்பிடுங்கள். அது முறிவைத் தடுக்கும் என்பதற்கு மருந்துகளுக்கு உள்ளதைப்போன்ற ஆதாரம் இல்லை. வைட்டமின் டி குறைவென்று 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தந்திருந்தால், வாரம் ஒன்றாக 8 வாரம் எடுத்ததும் அளவைப் பாருங்கள். சீட்டு தொலையும்வரை வாராவாரம் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியோடும் சிறுநீரகப் பாதிப்போடும் வருகிறார்கள். டெக்ஸாவை இரண்டு மூன்று ஆண்டு கழித்து, அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். கருவி மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.