மேட்டு நிலத்தில் ஏழைகளுக்கு வீடு வரைந்தால் வேலை கிடைக்குமா?

சார், வணக்கம். சனிக்கிழமை உங்கள் மகள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் மெல்லக் கேட்டீர்களே, அதற்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. "கட்டடக்கலை, பி.ஆர்க். நாலாம் வருஷம். கூடப் படிக்கிறவர்கள் புராஜெக்டுக்கு ரிசார்ட், ஏர்போர்ட் என்று எடுத்திருக்கிறார்கள். இவள் மேட்டு நிலத்தில் ஏழைகளுக்குக் குடியிருப்பு என்கிறாளே, யார் வேலை கொடுப்பார்கள்?"

கொடுப்பார்கள். எதைக் காட்டுகிறாள் என்பதுதான் கணக்கு.

ரிசார்ட்டில் இடம் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், தப்பு வெளியே தெரியாது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டுக்கு 30 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா (சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் இடம்) என்று வைத்திருந்தார்கள், அதாவது 320 சதுர அடி சொச்சம். அதில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே பெரிய கேள்வி. அதோடு சரிவும் சேர்ந்துகொண்டால்?

அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்த அட்டை மாடலை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா? 5 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் நிலம், 15 மீட்டர் ஆழமுள்ள கட்டடம். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம், ஒரு மாடி உயரம். மண்ணை வெட்டிச் சமமாக்கியிருந்தால் பாதிப் பணம் தடுப்புச் சுவருக்கே போயிருக்கும். அவள் மேல் தெருவிலிருந்து சின்னப் பாலம் ஒன்று போட்டு முதல் மாடியிலேயே வாசல் வைத்துவிட்டாள். தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமலே யாரும் இரண்டு மாடிக்கு மேல் ஏற வேண்டாம். சக்கர நாற்காலியும் நேராக முதல் மாடிக்குள் போகும். அதே உயரத்துக்குச் சாய்தளம் போட்டால் 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்ற கணக்கில் 36 மீட்டர் வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பாலம்தான்.

லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிராஞ்ச் ஹில் என்று ஒரு குடியிருப்பு உண்டு. கேம்டன் மாநகராட்சி கட்டியது, 1978-ல் முடிந்தது. பழைய பத்திரத்தில் ஒரு நிபந்தனை: ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளாகத்தான் கட்ட வேண்டும், இரண்டு தளத்துக்கு மேல் கூடாது. கட்டடக்கலைஞர்கள் கார்டன் பென்சனும் ஆலன் ஃபோர்சைத்தும் 21 ஜோடிகளாக 42 வீடுகளைச் சரிவில் படிபோல இறக்கினார்கள். கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரருக்கு மொட்டைமாடி. இன்று அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஆனால் அந்தக் காலத்தில் செலவைச் சொல்லித் திட்டாதவர்கள் இல்லை. உங்கள் மகள் இதைப் படிக்கட்டும், முக்கியமாகத் திட்டு வாங்கிய பகுதியை.

ஏன் என்றால், வேலை கொடுக்கிறவர்கள் அழகைவிடக் குறையைத்தான் நோண்டுவார்கள். என்னிடம் வந்த பையன் ஒருவன் அச்சு அசலாகப் புகைப்படம்போல நாற்பது படங்களோடு ஓர் அலுவலக நேர்காணலுக்குப் போனான். அங்கே கேட்டது ஒரே கேள்வி: "இந்தச் சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கினால் எப்படி வெளியே வரும்?" சுவரில் வடிதுளையே வரையவில்லை, பாவம்.

அதனால் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கக் கொண்டுபோகும் படத் தொகுப்பில், அழகான படங்களைக் குறைத்து, கட்டடத்தையும் மண்ணையும் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் படங்களை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். எத்தனை கன மீட்டர் மண் வெட்டுகிறோம், அதை எங்கே நிரப்புகிறோம், தடுப்புச் சுவர் எத்தனை மீட்டர் என்று ஒரு பக்கம் கணக்கு வேண்டும். மாணவர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

மற்றபடி வழக்கமான வழிதான். பட்டம் வாங்கியதும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்ய வேண்டும். இதே துறையில் மேலே போக ஆசை இருந்தால் டெல்லி எஸ்.பி.ஏ.வில் (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) வீட்டுவசதியையே எடுத்து முதுநிலைத் திட்டமிடல் படிக்கலாம். முதல் இரண்டு மூன்று வருஷச் சம்பளத்தை மட்டும் ஐ.டி.யில் இருக்கும் உங்கள் அண்ணன் மகனோடு ஒப்பிடாதீர்கள், வீட்டில் சண்டைதான் வரும்.

இன்று ராத்திரி அந்த செக்‌ஷனை எடுத்துவரச் சொல்லி, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்களே கேளுங்கள். விரல் வைத்துக் காட்டிவிட்டால் அடுத்த சனிக்கிழமை போர்ட்ஃபோலியோவோடு அனுப்பிவையுங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை.