வாசகர் கேள்வி – பதில்: போர்பனும் ஆவாரம்பட்டையும்

சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வாசகர், அமெரிக்கப் போர்பன் விஸ்கியும் ஸ்காட்லாந்து விஸ்கியும் மணத்தில் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டிருந்தார். பீப்பாயே முதற்காரணம் என்று ஒரே வரியில் விடை எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று வேலூர் வட்டாரத்திலிருந்து மட்டும் கணிசமான கடிதங்கள் வந்துள்ளதால், இம்மாதப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அமெரிக்காவுக்குச் சென்று திரும்புகையில், நாங்கள் இதுவரை கேள்விப்படாத ஒரு போர்பன் புட்டியை வாங்கி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை நால்வர் கூடிச் சுவைத்துப் பார்க்கவிருக்கிறோம். முறையாகச் சுவைப்பது எப்படி? – மேலாளர் ஒருவர், ஆம்பூர்

பதில்: முதலில் இடத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் அதைத்தான் கவனிப்பதில்லை. ஊதுவத்தி ஏற்றிய அறையிலும், சாம்பிராணி போட்ட வீட்டிலும், வெங்காயம் வதங்கும் அடுக்களைக்கு அருகிலும் மணம் பார்க்க இயலாது. ஆம்பூரில் ஞாயிறு என்றால் பிரியாணி உண்டு என்பதை அறிவேன். ஆயினும் அது சுவைத்து முடித்த பிறகு வரட்டும். மிளகாயும் பட்டையும் பட்ட நாக்கு ஒரு மணி நேரத்திற்கு வேறெதையும் சரியாகச் சொல்லாது. இடையிடையே வாயைத் துடைத்துக்கொள்ள உப்பில்லாத பொரியும் சாதாரணக் குடிநீரும் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். நம் பகுதியில் அதன் உப்புச்சுவை விஸ்கியிலும் இறங்கிவிடும்.

விளிம்பு குறுகி அடிப்பகுதி அகன்ற சிறு கண்ணாடிக் கோப்பை சிறந்தது. ஒருவருக்கு 15 அல்லது 20 மில்லி ஊற்றினால் போதும். பனிக்கட்டி கூடாது, குளிர்ச்சி மணத்தை அடைத்துவிடும். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர் அறைகளில் வெப்பம் மாலையிலும் 35 பாகைக்குக் குறையாதபோது, சாராய ஆவி மட்டுமே முந்திக்கொண்டு மூக்கைத் தாக்கும். அந்நாட்களில் மூடிய புட்டியைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுப்பதை நான் தவறென்று கருதவில்லை.

ஊற்றியவுடன் அருந்த வேண்டாம். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கோப்பையை முகவாய்க்கு அருகில் வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல முகருங்கள். வாய் திறந்திருந்தால் சாராயத்தின் காரம் மூக்கைக் குத்தாது. முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே உரியது. அதை வைத்து எந்த முடிவும் சொல்லாதீர்கள். இரண்டாம் மிடற்றை உணவை மெல்வதுபோல வாய்க்குள் எல்லாப் பக்கமும் செலுத்தி, சில நொடிகள் வைத்திருந்து விழுங்குங்கள், அல்லது உமிழ்ந்துவிடுங்கள். கென்டக்கி மாநிலத்தில் 'கென்டக்கி மெல்லல்' என்றே இதற்குப் பெயர். மூன்றாம் மிடற்றுக்கு முன் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். தண்ணீர் சேர்ப்பதைப் பாவமாக எண்ணுவோர் உண்டு. ஆனால் 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியின் துணைகொண்டு ஆராய்ந்து, நீர் சேர்த்து வலுவைக் குறைக்கும்போது குவாயகால் என்னும் புகைமணப் பொருள் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது என்று காட்டினார்கள். மேற்பரப்புக்கு வருவதைத்தானே மூக்கு முதலில் பிடிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். நால்வரும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், தோன்றியதை எழுதி முடித்த பிறகே வாய் திறவுங்கள். வயதில் மூத்தவரோ பணியில் உயர்ந்தவரோ முதலில் "வெனிலா மணம்" என்று சொல்லிவிட்டால், மற்ற மூவருக்கும் அதற்குப் பிறகு வெனிலா மட்டுமே தெரியும். நான் இருந்த கூட்டங்களில் இது பலமுறை நிகழ்ந்திருக்கிறது. எழுதிய தாள்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் படிக்கும் அந்த அரை மணி நேர உரையாடலுக்காகத்தான் நால்வர் கூடுகிறோம் என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படி ஒரு கூட்டத்திற்கு நானும் சென்றேன். ஒருவர் வெனிலா என்றார், ஒருவர் ஓக் மரம் என்றார், இன்னொருவர் தோல் வாசனை என்றார். எனக்கு எரிச்சலைத் தவிர எதுவும் தெரியவில்லை. என் நாக்கில் குறையா? – தனியார் நிறுவன ஊழியர், இராணிப்பேட்டை

பதில்: உங்கள் நாக்கில் குறை இல்லை. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட சொற்கள் உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்தவை அல்ல, அவ்வளவுதான். ஓக் மரத்தை நேரில் கண்டிராதவர் அதன் மணத்தை எப்படி நினைவுகூர முடியும்? நம் ஊர்ச் சொற்களால் முயன்று பாருங்கள்.

போர்பனை வடிக்கும் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே, மழைக்காலத்தில் சாலையோரம் கரியடுப்பில் சுட்டுத் தரும் சோளக் கதிரின் இனிப்பு மணத்தை முதலில் தேடுங்கள். அடுத்து, உட்புறம் தீயால் கரிய எரிக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் அதை ஊறவைக்க வேண்டும். அந்தத் தீயில் மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்கள் உருகிப் பாகாகின்றன. கமர்கட்டையும் கருப்பட்டிப் பாகையும் நினைவூட்டும் மணம் அங்கிருந்து வருகிறது. மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தால் அதை நீங்கள் அறிவீர்கள். ஓக் மரத்திலுள்ள லாக்டோன் என்னும் பொருள் தேங்காயை ஒத்த மணம் தருவது. தேங்காய் பர்பி கிளறும்போது எழும் வாசனையோடு ஒப்பிடுங்கள். கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் அதே மணப்பொருள் ஓக் மரத்திலும் இருப்பதால், கிராம்பு என்று ஒருவர் எழுதினால் அது கற்பனை அன்று.

தோல் வாசனை என்று சொன்ன நண்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பேரணாம்பட்டில் வளர்ந்தவன். என் தந்தையார் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறையில், பட்டையின் துவர்ப்புப் பொருளாகிய டானின்தான் தோலைக் கெடாமல் காக்கிறது. ஓக் பீப்பாயிலிருந்து விஸ்கிக்குள் இறங்குவதும் டானின் வகையைச் சேர்ந்ததே. மிடறு இறங்கிய பின் ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இழுத்துப் பிடிப்பதுபோன்ற துவர்ப்பு தோன்றுகிறதா என்று பாருங்கள். அது பச்சை வாழைக்காயிலும் கடுக்காயிலும் நாம் அறிந்த துவர்ப்புதான். முதன்முறை ஒரு முதிர்ந்த போர்பனை வாயில் வைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்கா அன்று. பட்டை ஊறிய தொட்டிகளுக்கு அருகில் என் தந்தையாருக்காகச் சோற்றுத் தூக்குடன் காத்து நின்ற மதியங்கள். ஆகவே, அந்த நண்பரை எவரும் மறுக்க வேண்டாம். வட ஆர்க்காட்டில் பிறந்த மூக்கு, போர்பனில் தோலைக் கண்டறிவதில் வியப்பில்லை.

எரிச்சல் மட்டுமே தெரிகிறது என்றால், மிடறு பெரிதாக இருந்திருக்கும், அல்லது புட்டியின் வலு அதிகமாக இருந்திருக்கும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: நம் கடைகளில் விற்கும் புட்டியில் '75 பாகை புரூஃப்' என்றும், நண்பர் கொண்டுவந்த போர்பனில் '100 புரூஃப்' என்றும் உள்ளன. இரண்டும் ஒரே அளவுகோலா? 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பதன் பொருள் என்ன? – ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஒரே அளவுகோல் அல்ல. அமெரிக்காவில் புரூஃப் என்பது சாராய விழுக்காட்டின் இரு மடங்கு. 100 புரூஃப் என்றால் 50 விழுக்காடு. நம் நாட்டுப் புட்டிகளில் உள்ளது பழைய பிரித்தானிய அளவு. அதில் 100 பாகை என்பது ஏறத்தாழ 57.1 விழுக்காடு. எனவே 75 பாகை என்பது 42.8 விழுக்காடு. தாங்கள் கணக்குப் போட்டால் சரியாக வரும். விழுக்காட்டை மட்டும் பார்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பது 1897-இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டத்திலிருந்து வந்த பெயர். அக்காலத்தில் வெறும் சாராயத்தில் நிறமும் புகையிலைச் சாறும் கலந்து விஸ்கி என்று விற்றோர் பலர் இருந்தனர். நேர்மையாக வடித்தவர்களுள் ஒருவரான கர்னல் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர், அன்றைய நிதித்துறைச் செயலர் ஜான் கார்லைலுடன் சேர்ந்து இச்சட்டத்திற்காக முயன்றார். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் வைத்து, சரியாக 50 விழுக்காட்டில் அடைத்தால்தான் இப்பெயரை இட முடியும். பெயர் தெரியாத ஒரு புதிய போர்பனை வாங்கும்போது, முகப்பிலுள்ள அலங்காரச் சொற்களைவிட இந்த மூன்று சொற்களையே நான் நம்புவேன்.

கேள்வி: போர்பன் கென்டக்கியில் மட்டும்தான் தயாரிக்கப்பட வேண்டுமா? – மாணவர், காட்பாடி

பதில்: இல்லை. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் தயாரிக்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே கூடாது. 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே அதைத் தன் நாட்டின் தனித்த பொருள் என்று தீர்மானித்தது. ஆயினும் மிகப் பெரும்பகுதி கென்டக்கியிலிருந்தே வருகிறது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை, விஸ்கியைக் கறுக்கச் செய்யும் இரும்புச் சத்தை நீரிலிருந்து வடிகட்டிவிடுவது ஒரு காரணம். தம்பி, தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விலை குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே? – வணிகர், ஆற்காடு

பதில்: 2025 பிப்ரவரியில் நடுவண் அரசு போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாகக் குறைத்தது. அதன்மேல் மாநில வரி உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவோர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்கவரியின்றிக் கொண்டுவரலாம்.

கேள்வி: என் கணவர் மாதம் ஒருமுறை நண்பர்களை வீட்டிற்கு அழைத்துச் 'சுவைத்தல்' என்று புட்டியைத் திறக்கிறார். இது குடிப்பதற்கு ஒரு நாகரிகப் பெயர்தானே? – இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: அம்மா, தாங்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. வேறுபாட்டை அறிய ஒரு வழி இருக்கிறது: மறுநாள் காலை புட்டியைப் பாருங்கள். நால்வர் சுவைத்த பிறகு முக்கால் லிட்டர் புட்டியில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்க வேண்டும். புட்டி காலியாகியிருந்தால் அங்கே நடந்தது சுவைத்தல் அன்று. வந்தவர்கள் இருசக்கர வாகனத்தில் திரும்பிச் செல்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் அதை நிறுத்தும் உரிமை தங்களுக்கு உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போரும், கல்லீரல் பாதிப்புள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் ஒரு மிடறும் அருந்தக் கூடாது. அவர்கள் முகர்ந்து மட்டும் பார்த்து உரையாடலில் கலந்துகொள்ளலாம். என் நண்பர்களுள் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் அப்படித்தான் வருகிறார். எங்கள் அனைவரையும்விட நுட்பமாகக் குறிப்பெழுதுபவர் அவரே. மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறையாக மாறினால், நாகரிகப் பெயரைப் பொருட்படுத்தாமல் கணவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஆண்டு கூடக் கூட விஸ்கி சிறக்கும் அல்லவா? பயன்படுத்திய பீப்பாய்களை அமெரிக்கர் என்ன செய்வார்கள்? – தச்சுத் தொழில் செய்பவர், வாணியம்பாடி

பதில்: போர்பனைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. பீப்பாய் புதியது என்பதால் மரத்தின் சாரம் விரைவாக இறங்கும். கென்டக்கியின் கோடையில் விஸ்கி விரிந்து மரத்திற்குள் புகுகிறது. குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறுகிறது. நெடுங்காலம் விட்டுவைத்தால் மக்காச்சோளத்தின் இனிப்பு மறைந்து, மரத்தூளின் கசப்பே மிஞ்சும். இருபது ஆண்டுப் புட்டியைப் பெருமைக்கு வாங்குவதைவிட, எட்டு ஆண்டுப் புட்டியைச் சுவைக்கு வாங்குவது மேல். ஊறும் காலத்தில் ஆவியாகிப் போகும் பகுதியைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு அளவில் இருக்க, பெங்களூரில் பத்து விழுக்காட்டையும் தாண்டுகிறது. நம் வேலூர் வெயிலில் ஒரு பீப்பாயை வைத்தால் என்ன மிஞ்சும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

தங்கள் இரண்டாம் கேள்வி தச்சரின் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் நல்ல ஓக் பீப்பாய் அதனால் வீணாவதில்லை. ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் சென்று, அங்குள்ள மதுவுக்குத் தன்னிடம் எஞ்சிய மணத்தைக் கொடுக்கிறது. பெங்களூரின் அம்ருத் நிறுவனமும் கோவாவின் பால் ஜான் நிறுவனமும் தங்கள் பார்லி விஸ்கியை அத்தகைய பீப்பாய்களில் ஊறவைக்கின்றன. ஆகவே ஆம்பூர் நண்பர்களுக்கும் தங்களுக்கும் சேர்த்து ஒரு யோசனை: போர்பனையும், போர்பன் பீப்பாயில் ஊறிய நம் நாட்டு விஸ்கி ஒன்றையும் அடையாளம் தெரியாமல் மூடி, இரு கோப்பைகளில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். மக்காச்சோள இனிப்பு ஒன்றில்தான் இருக்கும். தேங்காய் மணம் இரண்டிலும் இருக்கிறதா என்று தேடி, கண்டதை எனக்கு எழுதுங்கள்.