மறதியா, மோசடியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் இம்முறை எடுத்துக்கொண்டது ஓர் உளவியல் திரில்லர். தலையில் அடிபட்டு, தன் பெயர்கூடத் தெரியாமல் கண்விழிக்கிறாள் நாயகி. அதே இரவில் ஒரு கொலை நடந்திருக்கிறது. நாவல் முழுக்க போலீசும் உறவினர்களும் அவளைத் துருவுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் ஒரே வீச்சில் நினைவுக்கு வருகிறது: கொன்றவள் அவளே. பாதிப்பேர் பிரமாதம் என்றார்கள், பாதிப்பேர் ஏமாற்று வேலை என்றார்கள். செவிலியராக இருக்கும் ஒருவர் ‘இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது’ என்று முடித்துவிட்டார். பேச்சு முற்றி இருவர் குழுவை விட்டே போய்விட்டார்கள். யார் சொல்வது சரி? திரில்லர்களை இலக்கியம் என்று கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். அலமாரிக்குப் பெயர் ஒட்டுவது புத்தகக் கடைக்காரரின் வேலை. ஒரு நாவலுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் குழு இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சண்டை போட்ட இடம் தவறு. எல்லோரும் மறதியையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறீர்கள். திரில்லர்காரர்கள் கைவரிசை காட்டுவது நினைவு திரும்பும் இடத்தில். சில காலமாக என்னை அரித்துக்கொண்டிருப்பதும் இதுதான்.

தலையில் அடிபட்டால் பெரும்பாலும் போவது அடிக்குச் சற்று முந்தைய நினைவுகள். புதியவை முதலில் உதிரும், பழையவை தங்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881லேயே எழுதிவிட்டார். மீளும்போதும் பொதுவாகப் பழையதிலிருந்து புதியதை நோக்கி வரும். அடிக்கு முந்தைய கடைசி நிமிடங்கள் பல நேரம் வருவதே இல்லை. அவை மூளையில் நிலைபெறும் முன்பே அடி விழுந்துவிட்டதே! உங்கள் நாவலில் கொலையும் அடியும் ஒரே இரவு. ஆக, திரும்பி வர மிகக் குறைந்த வாய்ப்புள்ள துண்டு எதுவோ, அதுதான் வசனத்தோடு திரும்புகிறது. பெயரையே மறப்பது வேறு வகை. பெரும்பாலும் மன அதிர்ச்சியில் வருவது, அதில் நினைவு சட்டென்று மீள்வதும் உண்டு. ஆசிரியர் காரணத்தை ஒன்றிலிருந்தும் விளைவை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டிவிட்டார். எனவே செவிலியர் சொன்னது பாதி சரி. ஆனாலும் அடுத்தமுறை அவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். மருத்துவத் தீர்ப்பு முதலில் விழுந்தால் பிறகு நாவலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

மருத்துவப் பிழையையாவது மன்னிக்கலாம். திரும்பி வந்த நினைவை நாவலாசிரியர் சாட்சியமாக அப்படியே ஏற்றுக்கொள்கிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1974ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, ‘நொறுங்கிய’ கேள்வியைச் சந்தித்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அப்படியிருக்க, நாவல் நெடுக ஆளாளுக்குத் துருவிய பெண்ணுக்குத் திரும்பியது நினைவா, அவர்கள் ஊட்டியதா? எழுதியவருக்கு இந்தச் சந்தேகமே எழவில்லை. உங்கள் குழுவிலும் ஒருவருக்கும் எழவில்லை! இத்தனை பேர் கூடி என்னதான் படித்தீர்கள்?

கோபம் வேண்டாம். ஒன்று செய்து பாருங்கள். கடைசி அத்தியாயத்து நினைவை மட்டும் அடித்துவிட்டு, ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: அவளே கண்டது, பிறர் சொன்னது, அவள் ஊகித்தது. முதல் பக்கத்திலிருந்து கொலை தொடர்பான ஒவ்வொரு தகவலையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். முதல் கட்டத்தை வைத்தே கொலையாளியை எட்ட முடிந்தால் ஆசிரியர் நேர்மையாக ஆடியிருக்கிறார். இரண்டாவது மட்டும் நிரம்பி வழிந்தால் அவள் நிரபராதியாகக்கூட இருக்கலாம், எழுதியவருக்கே தெரியாமல். மூன்றாவதில்தான் உஷார் தேவை. ஊகமாக நுழைந்த தகவல் சில அத்தியாயம் கழித்து, கண்ணால் கண்டதுபோலப் பேசப்படும். அந்தத் தாவல் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று பிடியுங்கள்.

விலகிப்போன இருவரையும் கூப்பிட்டு அந்தத் தாளை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். முதல் அரைமணி நேரம் முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது.